வாக்கு கேட்காத நீதிபதி: கிள்ளான் பள்ளத்தாக்கில் வழக்கறிஞரும் தேர்தலும் வாரிசுச் சொத்தும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 67 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலும் உயில், வாரிசுச் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் புரோபேட் நீதிபதியை மக்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல மாவட்டங்களில் அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1832-இல் மிசிசிப்பி தன் நீதிபதிகள் எல்லாரையும் தேர்தலுக்கு உட்படுத்தியது. அதன்பின் பல மாநிலங்களுக்குப் பரவிய வழக்கம் இது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் அலுவலகம் நடத்தும் தமிழ் வழக்கறிஞருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். இங்கே வழக்கறிஞர்கள் நகராண்மைக் கழகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்கு கேட்டிருக்கிறார்கள். நீதிபதி நாற்காலிக்கு ஒருவரும் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது. இந்தப் பிரிவினை எப்படி உருவானது, வாரிசுச் சொத்துக்காக அலைகிற குடும்பத்துக்கு அது என்ன செய்தது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

காலனி ஆட்சியில் நீதிபதி அரசாங்க நியமனம். சுதந்திரமும் அதை மாற்றவில்லை. 1957 அரசியலமைப்பில் நீதித்துறை, சட்டச் சேவை ஆணையத்தின் பரிந்துரை ஒரு தடுப்பாக இருந்தது. 1960 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. 1963 முதல் 122பி பிரிவின்படி பிரதமரின் ஆலோசனையே நியமனத்தின் அச்சு. ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்துகொள்வது உண்டு, ஆனால் முதல் சொல் பிரதமருடையது. இவ்வழியில் திறமையானவர்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்த நளினி பத்மநாதன் 2007-இல் நீதித்துறை ஆணையராகி, 2018-இல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியானார். அதற்காக அவர் ஒரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தேர்தல் இல்லாத இடத்தில் ஆதரவு திரட்டலும் இருக்காது என்று எண்ணினால் ஏமாந்து போவோம். 2007 செப்டம்பரில் வெளியான ஒரு காணொளியில் வழக்கறிஞர் வி.கே. லிங்கம் நீதிபதி நியமனங்கள் பற்றித் தொலைபேசியில் பேசுவது பதிவாகியிருந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி, வழக்கறிஞர் மன்றத் தலைவர் அம்பிகா சீனிவாசன் தலைமையில் ஏறத்தாழ 2,000 வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். அரச விசாரணை ஆணையம் 2008-இல் அப்பதிவு உண்மையானதே என்று முடிவு சொன்னது. நீதிபதி நியமன ஆணையச் சட்டம் 2009-இல் வந்ததற்கு இந்தக் கொந்தளிப்பு ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பிறகும் பெயர்களை ஏற்பது பிரதமர் கையில்தான் இருக்கிறது.

நீதிபதி பதவிக்கு வழியில்லாதபோது, உள்ளூர் அளவில் வழக்கறிஞருக்குத் திறந்திருந்த ஒரே வாக்குப்பெட்டி நகராண்மைக் கழகம். கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்தின் முதல் தேர்தல் 1952 பிப்ரவரி 16-இல் நடந்தது. 12 இடங்களில் அம்னோ–மசீச கூட்டணி 9, மலாயா சுதந்திரக் கட்சி 2, சுயேச்சை 1. அந்த இரண்டில் ஒன்று பங்சாரில் நின்ற தேவகி கிருஷ்ணனுடையது. நாட்டில் தேர்தலில் வென்று பொதுப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அப்போது மலாயா இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவர் வழக்கறிஞர் கே.எல். தேவாசர். கட்சியை 1946-இல் நிறுவிய ஜான் திவியும் வழக்கறிஞர்தான். இந்தியர் அரசியலைத் தொடங்கி வைத்தவர்கள் சட்டப் புத்தகத்தோடு வந்தவர்கள் என்பது தற்செயல் அல்ல: ஆங்கிலம், மனு எழுதும் பழக்கம், அரசு அதிகாரியிடம் பேசும் துணிவு மூன்றும் அன்று ஒரே தொழிலில் சேர்ந்திருந்தன.

அந்த வாக்குப்பெட்டியும் நீடிக்கவில்லை. கோலாலம்பூரில் 1961-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கழகம் போய், கூட்டரசுத் தலைநகரச் சட்டத்தின்கீழ் ஆணையர் வந்தார். நாட்டின் பிற ஊராட்சித் தேர்தல்கள் 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஆய்வுக்கு மிக நெருக்கமான மனிதர் வருகிறார். ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரும் செனட்டருமான வழக்கறிஞர் ஆதி நாகப்பன். நேதாஜியின் இந்திய விடுதலை இயக்கத்தில் இருந்தவர். அவர் மனைவி ஜானகி, ஜான்சி ராணி படையின் அதிகாரி. ஊராட்சி மன்றங்களை ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்கு ஆதி நாகப்பனே தலைவர். அரசு நியமித்த ஆணையம், ஆளும் கூட்டணியின் தலைவர் ஒருவர், தேர்தலை நிறுத்தி வைத்ததும் அதே கூட்டணி. இந்நிலையில் அடக்கமான ஓர் அறிக்கையே எதிர்பார்க்கப்பட்டிருக்கும். ஆனால் 1968-இல் அரசிடம் கொடுத்த அறிக்கையில் அவர் தேர்தலை மீண்டும் கொண்டுவரச் சொன்னார். அது மக்கள் பார்வைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1976 ஊராட்சிச் சட்டம் பரிந்துரைக்கு நேர்மாறாக, தேர்தலை முற்றாக நீக்கி, உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் என்றது. பினாங்கு அரசு இதை எதிர்த்துப் போன வழக்கும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. என் பார்வையில், மலேசியத் தமிழ் வழக்கறிஞர்கள் எழுதிய பொது ஆவணங்களில் இந்த அறிக்கைக்கு முதலிடம் கொடுக்கலாம். நம் மேடைகளில் அதைப் பற்றிப் பேசுகிறவர் அரிது.

உள்ளூர்க் கதவு மூடியதால் வழக்கறிஞர்கள் பெரிய வாக்குப்பெட்டியை நோக்கிப் போனார்கள். இந்தியர் உரிமை கோரி நடந்த 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பின், டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐவர் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள். அவர்களுள் எம். மனோகரன், 2008 மார்ச் 8 தேர்தலில், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே, கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) வேட்பாளராக வென்றார். அதே தொகுதியில் 2013-இல் வென்றவர், அந்த ஐவரில் இன்னொருவரான வழக்கறிஞர் வீ. கணபதிராவ்; 2022-இல் அவர் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். சட்டமன்றத்துக்குப் போகும் வழக்கறிஞர் தன் தொழில் மன்றத்தில் பதவி வகிக்க முடியாது. 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 46ஏ பிரிவு தடுக்கிறது. அரசியலையும் வழக்கறிஞர் மன்றத்தையும் பிரித்து வைப்பதில் சட்டம் காட்டும் கண்டிப்பு ஊராட்சி விஷயத்தில் காணோம்.

இனி வாரிசுச் சொத்து. தோட்ட லயத்தில் வாழ்ந்து இறந்த தொழிலாளியின் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நிலம் இல்லை. அன்று உயர்நீதிமன்றத்தில் வாரிசு மனு போட வேண்டிய தேவை, இந்தியாவிலும் மலாயாவிலும் சொத்து வைத்திருந்த செட்டியார்கள் போன்றோருக்கே அதிகம் இருந்திருக்கும். சாதாரணத் தொழிலாளிக்கு முதல் வாரிசுச் சொத்தைக் கொடுத்தது 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி எனலாம். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாற, மலிவு விலை வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் அடுத்த தலைமுறையில் நில அலுவலகத்தின் வாசலில் நின்றார்கள்.

உயில் இல்லாமல், நிலமோ வீடோ விட்டுப் போனால், 1955 சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில நிர்வாகி விசாரித்துப் பங்கு சொல்வார். 2009 முதல் 20 இலட்சம் ரிங்கிட் வரையிலான சொத்து அவர் எல்லைக்குள் இருந்தது; 2024 ஜூலை 15 முதல் 50 இலட்சம். உயில் இருந்தால் உயர்நீதிமன்றம். நிலமில்லாத 6 இலட்சம் ரிங்கிட் வரையிலான சொத்தை, 1995-இல் அமைந்த அமானா ராயா சுருக்கமாக முடிக்கலாம். மூன்று வாசலிலும் உட்கார்ந்திருப்பவர் நியமனம் பெற்றவர். அவரவர் நாணயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விசாரணை தாமதமானால் கேட்க, பங்குதாரர்களிடம் வாக்கு இல்லை.

பங்கின் அளவு மட்டும் நாடாளுமன்றம் வகுப்பது. உயிலின்றி இறந்தவரின் சொத்தைப் பிரிக்கும் 1958 சட்டத்தின் பழைய வடிவில், மனைவி இறந்தால் சொத்து முழுவதும் கணவனுக்கு. கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் பெற்றோருக்கு எதுவும் இல்லை. 1997 திருத்தம் இதை மாற்றி, கணவன் மனைவி இருவரையும் ஒரே அளவில் வைத்தது: பெற்றோருக்கு நாலில் ஒன்று, வாழ்க்கைத் துணைக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. ஒரு குடும்பத்தின் கணக்கை மாற்றிய இந்த வரியை எழுதியது நீதிமன்றம் அல்ல, வாக்கு வாங்கிய உறுப்பினர்கள். சிறு சொத்தின் வரம்பை உயர்த்திய 2022 திருத்தமும் அவர்கள் வேலையே.

ஆகவே கிள்ளானில் வழக்கறிஞர் ஒருவர் வாக்கு கேட்டு வரும்போது, வாரிசுச் சட்டத்தின் மேல் நமக்குள்ள ஒரே பிடி அந்த வாக்குச்சீட்டில் இருக்கிறது. நீதிபதியைத் தேர்தலில் நிறுத்த வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கட்சிச் சின்னத்தோடு வரும் நீதிபதி நமக்கு வேண்டாம். ஆனால் ஆதி நாகப்பன் கேட்ட ஊராட்சித் தேர்தல் வேறு வகை. 2024 பிப்ரவரி 5-இல் கிள்ளான் அரச மாநகராட்சியானது. அதன் உறுப்பினர்களை இன்றும் மாநில அரசே நியமிக்கிறது.