இல்லாத பொருளை நிறுப்பது எப்படி?

போன கிழமை தரம் 10 வகுப்பில் அடர்த்தி பற்றிய பாடம். கனவளவை அடர்த்தியால் பெருக்கினால் திணிவு வரும், அவ்வளவுதான் விசயம். உதாரணக் கணக்கு ஒன்றை முடிக்கும்போது பின்வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பினான். "சேர், ஸ்டார் வோர்ஸ் படத்துல வார டெத் ஸ்டார் எத்தன தொன் இருக்கும்?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1977இல் வந்த அந்தப் படத்தில் டெத் ஸ்டார் என்பது சந்திரனைப் போல உருண்டையான ஒரு போர் நிலையம். ஒரு கிரகத்தையே வெடிக்க வைக்கக்கூடியது. விட்டம் 140 கிலோமீற்றர் என்று எடுத்துக்கொண்டேன். கனவளவு 14 இலட்சம் கன கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. உருக்கின் அடர்த்தியால் பெருக்கினேன். 113 கோடி கோடி தொன். சோக்கை வைத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன்.

முன்வாங்கில் அவ்வளவாகப் பேசாத ஒரு பிள்ளை இருக்கிறாள். "சேர், அது உள்ளுக்கு வெறும்தானே? ஆக்கள் நடக்குறாங்க, கப்பல் பறக்குது."

நான் நிறுத்தது டெத் ஸ்டாரை அல்ல. 140 கிலோமீற்றர் விட்டமுள்ள இரும்புக் குண்டு ஒன்றை.

அன்றிரவு ஒரு வாப்பா வட்ஸ்அப்பில் கேட்டார்: "சேர், இதெல்லாம் ஓ.எல். பரீட்சைக்கு வருமா?" நியாயமான கேள்வி. பிள்ளையின் காலம் அவருக்குப் பெறுமதியானது. அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது, அதனால் எல்லோருக்குமாக இங்கே பதிகிறேன்.

முதலில் அந்தப் பிள்ளை சொன்ன திருத்தம். 2012இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இதே கணக்கைச் செய்தார்கள். பொருளியல் படிக்கிற பிள்ளைகள். திண்ம உருக்கு என்று எடுக்காமல், ஒரு போர்க்கப்பலில் எவ்வளவு இடத்துக்கு எவ்வளவு உருக்கு போகிறது என்ற விகிதத்தை எடுத்தார்கள். விடை 10.8 கோடி கோடி தொன். என்னுடைய விடையில் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய உலக உருக்கு உற்பத்தி வேகத்தில் அவ்வளவு உருக்கைச் செய்ய 8 இலட்சத்து 33 ஆயிரம் வருடங்கள் எடுக்கும். உருக்கின் விலை மட்டும் 85இற்குப் பின்னால் 16 பூச்சியம் போட்ட டொலர் தொகை.

இது விளையாட்டாக நின்றுவிடவில்லை. அதே வருடம், டெத் ஸ்டாரைக் கட்டும்படி அமெரிக்க அரசிடம் 34,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 2013 ஜனவரியில் வெள்ளை மாளிகை பதில் எழுதியது. அந்த மாணவர்களின் செலவுக் கணக்கைக் காட்டி முடியாது என்றது. கிரகங்களை வெடிக்க வைப்பது அரசின் கொள்கையல்ல என்றும் சேர்த்துக்கொண்டது. அரசாங்கங்கள் இப்படிச் சிரித்துக்கொண்டு கணக்குக் காட்டினால் எவ்வளவு நல்லது!

இந்தப் பழக்கம் புதிதல்ல. 1588 அளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகர அறிஞர் சபை 24 வயது இளைஞன் ஒருவனை விரிவுரைக்கு அழைத்தது. தலைப்பு, தாந்தே என்ற கவிஞர் தன் காவியத்தில் பாடிய நரகத்தின் வடிவமும் அளவும். (அந்தக் காவியத்தில் நம் மனதைப் புண்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. நான் இங்கே பேசுவது கணக்கைப் பற்றி மட்டும்.) அந்த இளைஞன்தான் கலிலியோ.

பூமியின் மையத்தில் முனையையும் மேலே ஜெரூசலத்தை நடுவாகக் கொண்ட வட்டத்தையும் உடைய ஒரு கூம்பு, அதுதான் தாந்தேயின் நரகம். பார்க்கிறவருக்கு அது பூமியின் ஆறில் ஒரு பங்கு போலத் தோன்றலாம். கலிலியோ ஆர்க்கிமிடீஸின் வழியில் கணக்கிட்டு, 14இல் ஒரு பங்குக்கும் குறைவு என்று காட்டினார். கவிதையில் வரும் சின்னச் சின்ன ஒப்பீடுகளைப் பிடித்துக்கொண்டு, அங்கே உறைந்து நிற்கும் லூசிபரின் உயரம் ஏறத்தாழ 2,000 முழம் என்றார்.

பிறகு ஒரு சங்கடமான கேள்வி வந்தது. இவ்வளவு பெரிய குழிக்கு மேலே மூடியாக இருக்கும் நிலம் ஏன் இடிந்து விழவில்லை? கலிலியோ கட்டடக் குவிமாடங்களைக் காட்டினார். சிறிய வளைவு ஒன்று தன் அகலத்தில் இவ்வளவு தடிப்போடு நிற்கிறது, அதே விகிதத்தில் பெருப்பித்தால் நரகத்தின் கூரையும் நிற்கும் என்றார். சபை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடமே பீசா பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளர் பதவியும் கிடைத்தது.

ஆனால் அந்த விடை பிழை. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினால் அதன் திணிவு எட்டு மடங்காகிறது. அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பளவோ நான்கு மடங்குதான் ஆகிறது. பெருப்பிக்கப் பெருப்பிக்கப் பாரம் பலத்தை முந்திவிடும். கற்பனைக் கூரை ஒன்றில் தான் விட்ட இந்தப் பிழையைக் கலிலியோ சீக்கிரமே உணர்ந்துகொண்டார், அதிலிருந்துதான் அவருடைய பிந்திய ஆய்வு பிறந்தது என்று மார்க் பீற்றர்சன் என்ற பௌதிகவியல் பேராசிரியர் வாதிடுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஐம்பது வருடம் கழித்து, 1638இல், வீட்டுக் காவலில் இருந்த முதியவராகக் கலிலியோ வெளியிட்ட கடைசி நூலில் இந்த விதி தெளிவாக இருக்கிறது. மனிதனைப் போன்ற அமைப்பிலேயே ஒரு பூதம் இருக்க முடியாது, அதன் எலும்புகள் விகிதத்துக்கு மிஞ்சித் தடித்திருக்க வேண்டும் என்று அதில் படம் போட்டு விளக்குகிறார். லூசிபரை அளந்த அதே ஆள்! செப்புக் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டால் 4,801 முழத்துக்கு மேல் தன் பாரத்தாலேயே அறுந்துவிடும் என்ற கணக்கும் அந்த நூலில் உண்டு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அடர்த்தி தெரியாமல் இப்படி எதையும் நிறுக்க முடியாது. உலோகங்களுக்கும் இரத்தினங்களுக்கும் திரவங்களுக்கும் அளந்தெடுத்த அட்டவணையை 1121இல் மர்வ் நகரின் அல்-காஸினி தன் 'ஞானத் தராசு' நூலில் தந்திருக்கிறார். அவருக்கு முன்பே அல்-பிரூனியும் அளந்தார். அதைத் தனியாக எழுத வேண்டும்.

1865இல் ஜூல் வேர்ன் மனிதர்களைப் பீரங்கியால் சந்திரனுக்குச் சுட்டார். இரும்புக் குண்டு பாரம் கூடியது என்று கதைக்குள்ளேயே கணக்குப் பார்த்து அலுமினியத்துக்கு மாறுகிறார்கள். நல்லது. ஆனால் 900 அடிப் பீரங்கிக்குள் அந்த வேகத்தை எட்டும் ஆர்முடுகல், ஈர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கும் மேல். உள்ளே இருந்தவர்களின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லரி நிவன். 1970இல் 'ரிங்வேர்ல்ட்' என்ற நாவலில் சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு பிரமாண்ட வளையத்தைக் கட்டினார். அதன் ஆரை பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமளவு, அகலம் 16 இலட்சம் கிலோமீற்றர், திணிவு வியாழக் கிரகத்தின் அளவு. அது சுழலும் வேகத்தில், உள்பக்கம் நிற்பவருக்கு நம்முடைய ஈர்ப்பைப் போலவே இருக்கும். கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் 1971இல் பொஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், எம்.ஐ.டி. மாணவர்கள் மண்டபத்தில் நின்று, வளையம் உறுதியற்றது என்று கோஷம் போட்டார்கள்.

அவர்கள் சொன்னது சரி. சனியின் வளையம் ஒரே திண்மப் பட்டியாக இருந்தால் நிலைத்திருக்காது என்று 1859இல் வெளியான கட்டுரையிலேயே மக்ஸ்வெல் நிறுவிவிட்டார். கொஞ்சம் ஒரு பக்கம் விலகினால் போதும், அந்தப் பக்கம் நட்சத்திரத்துக்கு நெருங்க, இழுப்புக் கூட, கடைசியில் மோதிவிடும். நிவன் கோபிக்கவில்லை. வளையத்தை இடத்தில் பிடித்து வைக்கும் இயந்திரங்களோடு இரண்டாவது நாவலையே எழுதினார். தான் பிழை விட்டது தெரிந்ததும் இன்னொரு புத்தகம் எழுதுகிறவரை எனக்குப் பிடிக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1956இலிருந்து இங்கே வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க், 1979இல் எழுதிய 'சொர்க்கத்தின் ஊற்றுகள்' என்ற நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிப்ட் கட்டுகிறார். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியிலிருந்து கீழே இறங்கும் கம்பி. இங்கே கலிலியோவின் செப்புக் கம்பி திரும்பி வருகிறது. நல்ல உருக்குக் கம்பிகூடச் சில பத்துக் கிலோமீற்றர் தொங்கினால் தன் பாரத்தாலேயே அறுந்துவிடும். அதனால் கிளார்க் உருக்கை விட்டுவிட்டு வைரப் பளிங்காலான மெல்லிய இழை ஒன்றைக் கற்பனை செய்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்படியான செய்மதி மத்திய கோட்டுக்கு நேர் மேலேதான் அசையாமல் நிற்கும். இலங்கையோ வடக்கே தள்ளி இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? கதையில் நாட்டுக்குத் தப்ரபேன் என்று நமது பழைய பெயரை வைத்து, தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். அதை மறைக்காமல் நூலிலேயே சொல்லியும் விட்டார். சிவனொளிபாத மலையையும் சீகிரியாவையும் நினைவூட்டும் மலைகள் அதில் வருகின்றன. நாட்டை நகர்த்தத் துணிந்த மனிதர் பௌதிகவியல் விதியில் கைவைக்கவில்லை.

அந்த வாப்பாவுக்கு என் பதில்: டெத் ஸ்டார் பரீட்சைக்கு வராது. அடர்த்தி கட்டாயம் வரும். உங்கள் பிள்ளைக்கு அது இனி மறக்காது.

நேற்று வகுப்பில் 113ஐ வெட்டி 10.8 என்று எழுதினேன், யாருடைய திருத்தம் என்பதையும் சொன்னேன். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதன் மேற்பரப்பின் ஈர்ப்பைக் கணக்கிட்டோம். இங்கே 60 கிலோ காட்டும் ஒருவர் அங்கே தராசில் ஏறினால் 90 கிராம் காட்டும். இரண்டு கோழி முட்டையைவிடக் குறைவு.

"அப்ப படத்துல எல்லாரும் எப்படி சேர் நிலத்துல நடக்குறாங்க?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.