நாளிதழில் நடந்த வகுப்பு

1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் அதைத் தவிர்க்கவே முடியாது. வகுப்பறை கிடையாது, நாளிதழ்தான் வகுப்பு. இன்று பெக்கான் நானாஸில் பிள்ளைகளோடு கூகுள் டாக்ஸில் கதை எழுதும்போது அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கல்வி அமைச்சின் டெலிமா தளம் 2020இல் வந்தது. மறு ஆண்டே யுபிஎஸ்ஆர் தேர்வு போயாச்சு. ஆனா மாதிரிக் கட்டுரைப் பழக்கம் மட்டும் போகல. ஒரு பையன், “மாமர நிழலில் இளைப்பாறினேன்” என்று எழுதினான். உடனே ஓரத்தில் தோழியின் குறிப்பு: “நம்ம ஊர்ல ஏதுடா மாமரம்? அன்னாசிதானே!”

நான் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் அந்த வரி அழிந்துகொண்டிருந்தது.