கொங்கு நாட்டுப் பள்ளிக் கல்வி: மாணவர் வெற்றியும் பள்ளித் தலைமையும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்த கொங்கு நாடு, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி வரலாற்றில் இரண்டு காரணங்களால் தனித்துத் தெரிகிறது. பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு உடனே கூலி தரக்கூடிய பஞ்சாலை, விசைத்தறி, பனியன் தொழில்கள் இங்கே வீட்டுக்கு அருகிலேயே உள்ளன. பள்ளிகளை நிறுவி நடத்துவதில் அரசோடு மிஷனரிகளும் ஆலை முதலாளிகளின் அறக்கட்டளைகளும் காந்தியத் தொண்டர்களும் பிற்காலத்தில் விடுதிப் பள்ளி நிர்வாகிகளும் பெரும் பங்கு எடுத்துக்கொண்டனர். இதனால் குடும்ப வருமானம், வேலைச் சந்தை, சாதி, பாலினம், மொழி ஆகியவற்றோடு, பள்ளியை நடத்துபவர் எதை வெற்றியாகக் கருதுகிறார் என்பதும் இப்பகுதி மாணவரின் படிப்பைத் தீர்மானித்து வந்துள்ளது.

வரலாறு

கோவையில் நவீனப் பள்ளிக் கல்வி 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ அமைப்புகளாலும் ஆங்கிலேய வணிகர்களாலும் வேரூன்றியது. காபி, பஞ்சு வணிகத்தில் ஈடுபட்ட இராபர்ட் ஸ்டேன்ஸ் 1862இல் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. கோபிசெட்டிபாளையத்தில் விக்டோரியா அரசியின் வைர விழா நினைவாக 1898இல் தொடங்கப்பட்ட பள்ளி, சுற்றுவட்டார வேளாண் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வியை எட்டும் தூரத்தில் கொண்டுவந்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பஞ்சாலைகள் பெருகியபோது ஆலைக் குடும்பங்கள் கல்விக்கு வந்தன. பீளமேட்டின் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினர். 1926இல் அமைந்த பி.எஸ்.ஜி. அறக்கட்டளை பின்னர் பள்ளி முதல் மருத்துவக் கல்லூரி வரை நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. தொழிலதிபர் ஜி. டி. நாயுடு 1940களில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கு வித்திட்டார். ஆனால் பாடத்தைக் குறுகிய காலத்தில் செயல்முறையாகக் கற்பிக்கலாம் என்ற அவர் கருத்தை அரசு ஏற்காததால் விலகிக்கொண்டார்.

இதற்கு நேர் மாறான ஒரு பாதையை தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் (1903–1991) வகுத்தார். அவர் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயம் விடுதியோடு கூடிய குருகுல முறையில் அமைந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934இல் காந்தி அடிக்கல் நாட்டினார். கைத்தொழிலும் கூட்டு வாழ்வும் அங்கே பாடத்துக்கு இணையாக வைக்கப்பட்டன. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்விக்கு ஊக்கமளித்தார். அவர் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரான பெ. தூரன், அதே வித்தியாலயத்தில் தலைமை ஆசிரியராகப் பணியாற்றியவர். குழந்தைகளின் மனத்தைப் பற்றித் தமிழில் எழுதிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

மாநில அளவிலும் இப்பகுதியினருக்குப் பங்கு உண்டு. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. அது கைவிடப்படுவதாக 1954 மே மாதம் அறிவித்த கல்வி அமைச்சர், பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். அடுத்த ஆண்டுகளில் காமராசர் ஆட்சியில் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது.

மாணவர் வெற்றியைத் தீர்மானிக்கும் காரணிகள்

வேலைச் சந்தை: வேலையே இல்லாத ஊரில் படிப்பைத் தொடர்வதால் குடும்பம் இழக்கும் கூலி குறைவு. திருப்பூரில் நிலைமை வேறு. பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடி வேலையில் சேரும் சிறுவன் சில ஆண்டுகளில் டெய்லராகிவிட முடியும். சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிக் குடும்பங்களிலும் பிள்ளைகளின் உழைப்புக்கு மதிப்பு இருந்தது. சீசன் காலத்து வருமானம் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் மதிப்பைக் குறைத்துக் காட்டியது. இதனால் இத்தொழில் மாவட்டங்களில் குழந்தைத் தொழிலாளர்களை மீட்கும் தேசியத் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டு, மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி மையங்கள் நடத்தப்பட்டன. 1980களுக்குப் பின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது, மேற்படிப்பால் வரும் வருமானம் கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளியில் தொடர்வதற்கான காரணமும் அதனால் வலுப்பெற்றது.

பெண் கல்வி: இப்பகுதிப் பஞ்சாலைகள் வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணச் செலவுக்கு என ஒரு மொத்தத் தொகை தரும் முறை சுமங்கலித் திட்டம் என அறியப்பட்டது. அதில் சேர்ந்தோரில் பலர் தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கொங்கு நாட்டு ஆலைகளின் ஆள் தேவை இப்படிப் பிற மாவட்டப் பள்ளிகளின் இடைநிற்றலிலும் பங்கு வகித்தது. பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் (2022) ஆகியவை பெண் பிள்ளைகளின் இத்தகைய இடைநிற்றலைத் தடுக்கும் நோக்குடையவை. ஆண் மாணவருக்கான இதே வகைத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டது.

மொழியும் இடப்பெயர்வும்: ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூர், கோவை அரசுப் பள்ளிகளில் சேர்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் தமிழ் என்ற நிலையில் முதல் இரண்டு ஆண்டுகள் அவர்களுக்கு முக்கியமானவை. பெற்றோர் வேலை மாறும்போது பிள்ளை நடு ஆண்டில் பள்ளி மாறுவதும் உண்டு. இன்னொரு பக்கம், ஆங்கிலவழியை நாடும் உள்ளூர்க் குடும்பங்கள் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்குச் செல்ல, அரசுப் பள்ளிகளிலும் 2012 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன.

மலைப் பகுதிகள்: ஆனைமலை, வால்பாறை, சத்தியமங்கலம், பர்கூர், கொல்லிமலைப் பகுதிகளில் தூரமே முதல் தடை. காடர், முதுவர், மலசர், இருளர் முதலிய பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் நலத் துறை உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே ஆசிரியர் தொடர்ந்து தங்கிப் பணியாற்றுகிறாரா, பிள்ளையின் தாய்மொழிக்கு வகுப்பில் இடம் உண்டா என்பவை தேர்ச்சியைப் பெரிதும் பாதிக்கின்றன.

சாதி: 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைப்பதற்கு ஊரில் ஒரு சாரார் எதிர்ப்புத் தெரிவித்தது மாநில அளவில் கண்டனத்துக்கு உள்ளானது. பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் களைய அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அதே பகுதியில் கல்வி அலுவலராகவோ தலைமை ஆசிரியராகவோ அமர்த்தக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பள்ளித் தலைமையில் யார் இருக்கிறார் என்பது மாணவர் பாதுகாப்போடு எவ்வளவு நெருக்கமானது என்பதை அப்பரிந்துரை சுட்டுகிறது.

பள்ளித் தலைமை

அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியருக்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என அதிகார அடுக்கு செல்கிறது. தலைமைப் பதவி பெரும்பாலும் பணிமூப்பின் அடிப்படையில் பதவி உயர்வாகக் கிடைக்கிறது. ஆசிரியர் நியமனமோ இடமாற்றமோ அவர் கையில் இல்லை. இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியரே பல வகுப்புகளைச் சேர்த்துப் பாடம் நடத்த வேண்டும். சத்துணவுக் கணக்கு, நலத்திட்டப் பொருள் விநியோகம், கல்வித் தகவல் மேலாண்மை இணையதளத்தில் பதிவேற்றம் ஆகியவையும் அவர் பொறுப்பே. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கட்டாயக் கல்விச் சட்ட வரம்புக்குள் வரும் ஆசிரியர்கள் பதவி உயர்வு பெறவும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்றது. இதனால் தலைமைப் பணியிடங்களை நிரப்புவது மேலும் சிக்கலானது.

தனியார் பள்ளியில் அதிகார மையம் தாளாளர். ஆசிரியர் ஊதியம், பாடப் பிரிவு, விடுதி ஒழுங்கு ஆகிய அனைத்தையும் அவரே முடிவு செய்கிறார். முதல்வர் அந்த முடிவுகளை நடைமுறைப்படுத்துகிறார். அரசு உதவி பெறும் பள்ளிகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை: ஊதியம் அரசுடையது, நிர்வாகம் அறக்கட்டளையுடையது.

குடும்பப் பின்னணியே மாணவர் தேர்ச்சியைப் பெருமளவு விளக்குகிறது என்று 1966இல் அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை கூறியது. ஆனால் ஏழைப் பிள்ளைகளை நன்கு படிக்கவைத்த பள்ளிகளை ஆராய்ந்த ரான் எட்மண்ட்ஸ், 1979இல் வலுவான தலைமையை அவற்றின் பொது இயல்புகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். பள்ளிக்குள் இயங்கும் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு என்றும், அதன் விளைவு பெரும்பாலும் ஆசிரியர் வழியாகவே மாணவரைச் சேர்கிறது என்றும் கென்னத் லீத்வுட் முதலானோர் 2004இல் தொகுத்துரைத்தனர்.

கொங்குப் பகுதிக் கிராமப் பள்ளிகளில் இந்த மறைமுக வழி ஊர் மக்கள் வழியாகவும் செல்கிறது. கோவை மாவட்டம் காரமடை ஒன்றியத்து இராமம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் பெற்றோரையும் ஊராரையும் கொடையாளரையும் இணைத்து வகுப்பறையைப் புதுப்பித்தது தமிழ்நாடு முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. இத்தகைய கூட்டுறவுக்குச் சட்ட வடிவமும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022இல் மறுகட்டமைக்கப்பட்டன. தொழில் நிறுவனங்களிடமும் முன்னாள் மாணவரிடமும் நிதி திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் அதே ஆண்டு இறுதியில் வந்தது. கூலிக்குப் போகும் பெற்றோர் பகல் நேரக் கூட்டத்துக்கு வர முடியாத இடங்களில், கூட்டத்தை எப்போது, எப்படி நடத்துவது என்ற தலைமை ஆசிரியரின் முடிவே குழுவுக்கு உயிர் தருகிறது.

நாமக்கல் விடுதிப் பள்ளிகள்

1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபின் பிளஸ் டூ மதிப்பெண் தொழிற்படிப்புக்கு வாசலானது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகளில் இதை மையமாக வைத்து விடுதிப் பள்ளிகள் பெருகின. அதிகாலை முதல் இரவு வரை ஸ்டடி, அன்றாடத் தேர்வு, கேள்வித்தாள் புளூபிரிண்ட்டுக்கு ஏற்ற பயிற்சி, சென்டம் எடுப்பவர்களுக்குத் தனிக் கவனம் என்று அவற்றின் நடைமுறை அமைந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கமும் பரவியது. 2007இல் மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையானதும், பிற மாவட்டங்களிலிருந்தும் மாணவர் குவிந்தனர். மாநில ரேங்க் பட்டியலில் இப்பள்ளிகள் தொடர்ந்து இடம்பிடித்தன.

2017இல் மூன்று மாற்றங்கள் வந்தன. தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் கீழ் வந்தது. ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்பட்டது. 2017–18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அடுத்த கல்வியாண்டிலிருந்து புதிய பாடநூல்கள் வரத் தொடங்கின. விடுதிப் பள்ளிகள் பல நீட் பயிற்சிக்கு மாறிக்கொண்டன. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கும், அந்தத் தேர்வு தடுக்க முனைந்த வழக்கம் திரும்புமா என்பது இனிப் பள்ளித் தலைமைகளைப் பொறுத்தது.

வெற்றியை அளத்தல்

மாநில முதலிடங்கள் குவிந்த காலத்தில் நடந்த 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமக்கல் மாவட்டத்தின் எழுத்தறிவு 74.63 விழுக்காடு. மாநிலச் சராசரி 80.09 விழுக்காடு. ஈரோடு (72.58), சேலம் (72.86), கரூர் (75.60), திருப்பூர் (78.68) ஆகியவையும் சராசரிக்குக் கீழேயே இருந்தன, கோயம்புத்தூர் (83.98) மட்டும் மேலே நின்றது. எழுத்தறிவு முதியோரையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது என்பதால் அன்றைய பள்ளிகளின் தரத்தை நேரடியாகக் காட்டாது. ஆனாலும் உச்ச மதிப்பெண்களின் நிழலில் எத்தனை குடும்பங்கள் பள்ளிக்கு வெளியே இருந்தன என்பதை அது உணர்த்துகிறது.

தேர்ச்சி விழுக்காட்டையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டியுள்ளது. பிளஸ் டூ தேர்ச்சியில் திருப்பூர் மாவட்டம் 2019, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் மாநில முதலிடம் பெற்றது. 2024இல் அதன் தேர்ச்சி 97.45 விழுக்காடு. தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு இது குறிப்பிடத்தக்க சாதனை. எனினும் இக்கணக்கு தேர்வு எழுதியவர்களை மட்டுமே கொண்டது. ஒன்பதாம் வகுப்பில் நின்று கம்பெனிக்குப் போனவரும், நடு ஆண்டில் ஊர் மாறியவரும் அதில் இல்லை. தேர்ச்சி பெறமாட்டார் எனக் கருதும் மாணவரை விலக்கி விழுக்காட்டை உயர்த்தும் தலைமைக்கும், அவரைத் தக்கவைத்துத் தேர்ச்சி பெறவைக்கும் தலைமைக்கும் இந்த எண்ணில் வேறுபாடு தெரியாது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தனர், அதன்பின் எங்கே சென்றனர் என்ற கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பள்ளியின் வெற்றியையும் அதன் தலைமையின் பங்கையும் மதிப்பிட முடியும்.