கணினிப் பராமரிப்பு: இயந்திரத்துக்கு முன் ஆவணங்கள்

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய பகுதியில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். இங்கு திருத்த வரும் பழைய கணினிகள் பலவற்றுக்குச் சந்தையில் விலையே இல்லை. ஆனால் உள்ளே காணி உறுதியின் ஸ்கான் பிரதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம், ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு என்பன இருக்கும். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தனர். ஒரு கடதாசியின் பெறுமதியை அவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எனவே பராமரிப்பை அந்த ஆவணங்களிலிருந்தே தொடங்குவோம்.

மாதம் ஒருமுறை: பிரதி எடுத்தல்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் எமது நூல்களை ஸ்கான் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டு ஆவணங்களுக்கும் அதே வழிதான்.

கணினியில் உள்ளதைத் தவிர இன்னும் இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். எடுத்து முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள். இணைத்தபடியே விட்டால் கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். மற்றையதை வேறு ஊரில் உள்ள உறவினரிடமோ கூகுள் டிரைவிலோ வையுங்கள். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையோரத்தில் இரண்டையும் ஒரே வீட்டில் வைப்பது போதாது. பிறர் பார்க்கக் கூடாதவற்றை, இலவசமாகக் கிடைக்கும் 7-சிப் மென்பொருளால் கடவுச்சொல் இட்டுப் பூட்டலாம். கடவுச்சொல் மறந்தால் திறக்கவே முடியாது. ஆகவே குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். எடுத்த பிரதியில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

உப்புக்காற்றும் தூசியும்

கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளிருக்கும் உலோக இணைப்புகளை அரிக்கும். கடலைப் பார்த்த யன்னலோரத்தில் கணினியை வைக்காதீர்கள். மாரிகாலத்தில் பாவிக்காவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் இயக்கிவிட்டால், அந்தச் சூட்டில் ஈரம் காயும்.

கச்சான் காற்றுக் காலத்தில் தூசி அடைத்து மின்விசிறி திணறும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மின்விசிறியை விரலால் பிடித்தபடி துடையுங்கள். ஈரத்துணி கூடாது.

மின்சாரம்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் அதிகம். அந்நேரங்களில் மின் பிளக்கையும் ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். யூ.பி.எஸ். இருந்தாலும் மின்னலுக்கு அதை நம்ப முடியாது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதுபோல் நடந்தால், மின்சாரம் திரும்பிய உடனே கணினியைப் போடாமல் சில நிமிடம் பொறுங்கள். யூ.பி.எஸ். பற்றரியை இரண்டு மூன்று வருடங்களில் மாற்ற வேண்டிவரும்.

ஒவ்வொரு முறையும் திகதி பிழையாக வந்தால், மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற சிறிய பற்றரி முடிந்திருக்கும். திகதி பிழைத்தால் பல இணையத்தளங்களும் திறக்காது.

மென்பொருள்

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. விண்டோஸ் பாவிப்பவர்களுக்கு அதனுடன் வரும் டிபெண்டர் போதுமானது. பூட்டு உடைத்த மென்பொருள்களை நிறுவாதீர்கள்; அவற்றுடன் வைரஸும் வரலாம். எஸ்.எஸ்.டி. உள்ள கணினிக்கு டிஃபிராக் தேவையில்லை.

திருத்தக் கொடுக்கும்போது

ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் இயக்கினால் மீட்கக்கூடியதும் அழிந்துவிடும். கடைக்குக் கொண்டு செல்லும்போது, "உள்ளே இருப்பதுதான் முக்கியம், கேட்காமல் ஃபோர்மட் செய்ய வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லி, ஒரு துண்டில் எழுதி கணினியில் ஒட்டிவிடுங்கள். கணினியை விற்பதானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்; அழித்த கோப்புகளையும் பிறர் மீட்டெடுக்க முடியும்.