உணவா, மருந்தா?

ஈரோட்டிலிருந்து பெருந்துறையைக் கடந்து சென்றால் விஜயமங்கலம். அங்குள்ள சமணக் கோயிலுக்கு மாணவர்களை நாம் ஆண்டுதோறும் அழைத்துச் செல்வதுண்டு. சிரவணபெளகுளத்தில் கோமதேசுவரர் சிலையை எழுப்பிய சாமுண்டராயனின் தங்கை புள்ளப்பையின் நிசீதிகை அங்கே இருக்கிறது. உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தாரை நினைவுகூரும் அடையாளம் அது.

இதை நாம் ஒருநாள் கல்லூரியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, இராவுத்தர் குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். அவர் தந்தையார் முற்றிய நோயில் மருத்துவமனையில் கிடந்தார். மூக்கிலிட்ட குழாயை அவர் மீண்டும் மீண்டும் பிடுங்கியதால் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தனர். “ஏனுங்க சார், அந்தம்மா செஞ்சதும் எங்க அத்தா செய்யறதும் ஒண்ணுங்களா? எங்க மார்க்கத்துல தற்கொலை பாவமுங்க.”

இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே பழைய விடை ஒன்று உண்டு. ஔரங்கசீப் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில், ஹனஃபி அறிஞர் குழு தொகுத்த நூல் ஃபதாவா ஆலம்கீரி. இராவுத்தர்கள் பின்பற்றுவதும் ஹனஃபி வழியே. நோயுற்றவன் மருந்துண்ணாமலே இறந்தால் அவன்மீது பாவமில்லை என்கிறது அந்நூல். உண்ண வழியிருந்தும் பசியோடு கிடந்து இறந்தவன் பாவியாகிறான். காரணம் நுட்பமானது: சோறு பசியைத் தீர்ப்பது உறுதி, மருந்து நோயைத் தீர்ப்பதோ வெறும் எதிர்பார்ப்பு. உறுதியானதை விடுவது குற்றம், எதிர்பார்ப்பை விடுவது குற்றமன்று. புள்ளப்பையின் நோன்பை இந்நூல் ஏற்காது. மருந்து வேண்டாம் என்பவரை ஏற்கும்.

அதற்கும் முந்தைய நிகழ்ச்சி ஒன்று புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகளின் இறுதி நாட்களை எட்டாமலே நின்றுவிடுவதால் தமிழ் மாணவர்கள் இதை அறிய வாய்ப்புக் குறைவு. நோயில் கிடந்த நபிகள் நாயகத்தின் வாயோரத்தில் வீட்டார் மருந்து ஊற்றினர். வேண்டாமென்று அவர் சைகை செய்தார். நோயாளிக்கு மருந்தின்மேல் இயல்பாக எழும் வெறுப்புதானே என்று அவர்கள் எண்ணிக்கொண்டனர். தெளிந்ததும், “நான் தடுக்கவில்லையா?” என்று கேட்டார். அப்போது அங்கில்லாத அப்பாஸ் நீங்கலாக, வீட்டிலிருந்த அனைவர் வாயிலும் அதே மருந்தைத் தம் கண்முன் ஊற்றச் செய்தார். நோயாளியின் மறுப்பை வெறும் சிணுங்கலாகக் கொள்ளும் பழக்கம் அத்தனை பழையது!

எந்திரங்கள் வந்தபின் கேள்வி கடினமாயிற்று. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்ட அவை, மூளையின் இயக்கம் மீளாதபடி முற்றும் நின்றதை மருத்துவர் உறுதிசெய்தால் உயிர்காக்கும் எந்திரங்களை அகற்றலாம் என்றது. 2018இல் நம் உச்ச நீதிமன்றம், சிகிச்சை குறித்த விருப்பத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தை ஏற்றது. அதற்கு நீதித்துறை நடுவரின் கையொப்பம் வேண்டுமென்ற விதியால் எழுதியவர் அரிது. 2023இல் விதி தளர்ந்து, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் போதுமென்றாயிற்று.

நண்பரின் தந்தையார் எதையும் எழுதிவைத்திருக்கவில்லை. மூக்குக் குழாயில் இறங்குவது உணவா, மருந்தா? ஆலம்கீரியின் அறிஞர்கள் அப்படியொரு குழாயைக் கண்டவர்களல்லர். நாம் படித்ததையெல்லாம் சொன்னோம். நண்பர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று மாலை மருத்துவரிடம் பேசிவிட்டு, அத்தாவின் கைக்கட்டை அவிழ்த்து, கரண்டியால் கஞ்சி ஊட்டிப் பார்த்தாராம். இரண்டு வாய் இறங்கியதாம்.