பத்தும் தைலமும் மாத்திரையும்: பெண்களின் தலைவலிக்கு ஒரு வரலாறு

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். அதில் ஒரு பகுதி சதுரகிரி. மூலிகை மலை, சித்தர் மலை என்று பெயர் பெற்றது. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக ஏறிப் போகிறார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் பதினெண் சித்தர் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. ஆனால் மலையடிவார வீடுகளில் ஒருவருக்கு மண்டையிடி என்றதும் சுக்கை எடுத்துச் சந்தனக்கல்லில் உரைத்தவள் பெண். நொச்சித் தழையை ஒடித்து வந்து வேது பிடிக்க வைத்தவளும் பெண். அவள் செய்ததற்குக் கைமருந்து என்று பெயர். வைத்தியம் என்ற பெயர் வேறொருவருடையதாக இருந்தது.

தலைவலிக்கு என்ன மருந்து என்பது சாதாரணக் கேள்வி போலத் தோன்றும். அதன் வரலாற்றைத் தேடிப் போனால் வேறு கேள்விகள் வந்து நிற்கின்றன. யாருடைய தலைவலி? மருந்தைக் கொடுப்பது யார்? கொடுப்பது அவள் படுத்துக்கொள்வதற்கா, எழுந்து வேலையைப் பார்ப்பதற்கா?

வலிக்குச் சொல் உண்டு, கேட்க ஆள் இல்லை

நோயைப் பற்றி 1926இல் எழுதிய கட்டுரையில் வர்ஜீனியா வுல்ஃப் ஒரு குறையைச் சொன்னார். காதலைச் சொல்ல ஒரு பள்ளிச் சிறுமிக்கும் ஷேக்ஸ்பியரின் சொற்கள் கிடைக்கின்றன. தலைவலியை மருத்துவரிடம் சொல்லப் போனால் மொழி வறண்டுவிடுகிறது என்றார். ஆங்கிலத்துக்கு அது சரியாக இருக்கலாம். நம் பெண்களின் பேச்சில் அந்த வறட்சி இல்லை. மண்டையிடி, ஒற்றைத் தலைவலி, தலைப்பாரம், விண்விண்ணென்று தெறிப்பது, பொட்டில் அடிப்பது, கண்ணைப் பிடுங்குவது, மண்டை பிளப்பது என்று ஒவ்வொரு வலிக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. இவற்றை ஒருவர் கவனித்துக் கேட்டால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தெறிக்கிறதா, வெளிச்சம் ஆகவில்லையா, குமட்டுகிறதா என்றுதான் இன்றைய நரம்பியல் மருத்துவரும் கேட்கிறார்.

ஒற்றைத் தலைவலியைப் பழைய மருத்துவங்கள் நன்றாகவே அறிந்திருந்தன. வடமொழி மருத்துவ நூல்களில் அது 'அர்த்தாவபேதகம்', அதாவது பாதித் தலையைப் பிளப்பது. ரோமப் பேரரசின் மருத்துவர் கேலன் வைத்த பெயருக்கும் பாதி மண்டை என்றே பொருள். அந்தச் சொல்தான் திரிந்து மைக்ரேன் ஆயிற்று. நோய்க்கு நூலில் இடம் கிடைத்துவிட்டது. இந்த நோய் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது என்பது தெரிந்தபோதோ, அதற்கு இருந்த மதிப்பு குறைந்தது.

மைக்ரேன் ஆண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது. சிறு வயதில் இந்த வேறுபாடு இல்லை. பூப்பெய்திய பிறகே விலகத் தொடங்குகிறது. மாதவிலக்குக்கு முன்பு ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவது முக்கியமான ஒரு தூண்டுதல். உடம்பில் நடக்கும் இந்த மாற்றத்தைத் தேடாமல், நோயாளியின் குணத்தைத் தேடிய காலம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 'மைக்ரேன் ஆளுமை' என்ற கருத்து மேற்கத்திய மருத்துவத்தில் செல்வாக்குப் பெற்றது. எதையும் கச்சிதமாகச் செய்யத் துடிப்பவர்கள், மனத்துக்குள் புழுங்குபவர்கள் என்று நோயாளிகளுக்கு ஒரு சித்திரம் வரைந்தார்கள். சமூகவியலாளர் ஜோன்னா கெம்ப்னர் 2014இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். படுக்கையில் கணவனைத் தவிர்க்க மனைவி சொல்லும் பொய் என்று ஒரு நகைச்சுவையாகவே தலைவலி நிலைத்துவிட்டதை அந்த நூலின் தலைப்பே குத்திக்காட்டுகிறது. நம் ஊரில் அதற்கு ஒரே சொல் போதும்: சாக்கு.

பத்து

சுக்குப் பத்துக்கு ஒரு முறை உண்டு. உரைக்க இன்னொரு கை வேண்டும். வலியோடு இருப்பவள் குனிந்து உரைத்தால் வலி கூடும். பூசிய பிறகு காயும்வரை படுத்திருக்க வேண்டும். கண்ணில் இறங்கினால் எரியும் என்பதால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சுக்கின் காரம் ஒரு பக்கம் இருக்கட்டும். இருட்டும் அமைதியும் மூடிய கண்ணும் அந்த மருந்தோடு சேர்ந்தே வந்தன. மைக்ரேன் வந்தவருக்கு இன்றும் முதலில் சொல்லப்படுவது இருட்டறையில் படுங்கள் என்பதுதான்.

ஆனால் இந்தப் பத்து எல்லாப் பெண்களுக்கும் கிடைத்துவிடவில்லை. மாமியாருக்குத் தலைவலி என்றால் மருமகள் உரைத்தாள். மருமகளுக்கு வந்தால் உரைப்பது யார்? நிலவுடைமைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இருட்டறை இருந்தது. அவள் வயலில் நாற்று நட்டவளுக்கு இருந்தது வெயில் மட்டுமே. எல்லாரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்பது, நாள் கிழமை என்று விரதம் இருப்பது, புகையடுப்பின் முன் குனிந்து கிடப்பது ஆகியவை அவளுடைய அன்றாடம். பசியும் புகையும் தலைவலியைக் கிளப்பும் என்பது இன்று மருத்துவம் உறுதியாகச் சொல்வது. காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

மாதவிலக்கு நாட்களில் 'வீட்டுக்குத் தூரம்' என்று ஒதுக்கி வைத்தார்களே, அது பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வுதானே என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். மண்டை பிளக்கும் நாளில் திண்ணையிலோ கொட்டகையிலோ தனித்தட்டும் தனிப்பாயுமாகக் கிடப்பது ஓய்வாகாது. தீட்டு என்று தள்ளி வைப்பதற்கும், வலிக்கிறதே என்று படுக்க வைப்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

தைலம்

1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனைத் தொடங்கினார். பின்னாளில் 'ஆந்திர பத்திரிகா'வை நடத்திய தேசியவாதி அவர். இசைக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துத் தைலத்தை மக்களிடம் பழக்கினார் என்பார்கள். 1914இல் அவரது பணிகள் சென்னைக்கு இடம்பெயர்ந்தன. மஞ்சள் தைலம் தமிழ்நாட்டின் மாடங்களில் விளக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. ரங்கூனில் வேர்விட்டுச் சிங்கப்பூரில் வளர்ந்த புலித் தைலமும், 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய கோடாலித் தைலமும், கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் பெட்டிகளில் ஊருக்கு வந்தன.

இந்தச் சிறு குப்பி பெண்ணின் நாளை மாற்றியது. உரைத்துத் தர யாரையும் கெஞ்ச வேண்டாம். கொசுவத்தில் செருகிக்கொள்ளலாம். அது ஒரு விடுதலைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தைலத்தைத் தேய்த்துக்கொள்ளப் படுக்க வேண்டியதில்லை. அடுப்பின் முன் நின்றபடியே பொட்டில் தடவிக்கொண்டு அடுத்த தோசையைத் திருப்பலாம். மருந்து கையடக்கமானபோது அதோடு ஒட்டியிருந்த ஓய்வு கழன்று போயிற்று. மெந்தாலும் கற்பூரமும் தோலின் நரம்புகளில் குளிர்ச்சி உணர்வை எழுப்பி வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும். பசியையோ தூக்கமின்மையையோ அவை தீர்ப்பதில்லை.

மாத்திரை

ஆஸ்பிரின் 1899இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. அடுத்து வந்தவை ஆஸ்பிரின், பினாசிடின், கஃபீன் மூன்றையும் கலந்த தூள்களும் மாத்திரைகளும். இந்தக் கலவையின் கதையைப் பெண்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 'பெக்ஸ்' என்ற தூளை இல்லத்தரசிகளுக்கென்றே விற்றார்கள். ஒரு கோப்பைத் தேநீர், ஒரு பெக்ஸ், சற்றுப் படுத்து எழுந்தால் எல்லாம் சரியாகும் என்பது அந்நாட்டில் பழமொழி போலப் புழங்கியது. தினமும் பல பொட்டலங்களைக் கரைத்துக் குடித்த பெண்கள் ஏராளம். சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிற்சாலைகளில், பொடிப்பொடி உறுப்புகளைக் கண்ணருகே வைத்துக் கோத்த பெண்களும் இப்படிப்பட்ட மாத்திரைகளை விழுங்கி வேலை பார்த்தார்கள். சிறுநீரகங்கள் பழுதானபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1950களில் சுவிஸ் மருத்துவர்கள் இந்தத் தொடர்பைச் சுட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் அதை ஆதாரங்களோடு நிறுவி, விற்பனையைக் கட்டுப்படுத்தப் போராடியவர்களில் முன்னின்றவர் ஒரு பெண் மருத்துவர், மெல்போர்னின் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித். 1970களின் இறுதியில் அங்கே இந்தக் கலவைகளை நினைத்தபடி கடையில் வாங்க முடியாமல் போனது. இந்தியா 1983இல் பினாசிடினைத் தடை செய்தது.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்று நம்மவர்கள் சொல்வது இந்தப் பெண்களுக்கு எழுத்துப் பிசகாமல் நடந்தது. அவர்கள் அறியாமையால் விழுங்கினார்கள் என்று முடித்துவிடக் கூடாது. கடிகாரம் கோப்பவளுக்குக் கண் ஓய்வு கொடுத்திருக்கலாம். வீட்டிலிருந்தவளுக்கு வேலையில் பங்கெடுத்திருக்கலாம். இரண்டையும்விடப் பொட்டலம் மலிவாக இருந்தது.

விடியுமுன் வரும் பேருந்து

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தொடங்கினார்கள். அந்தத் தொழில் சுற்றுவட்டாரக் கரிசல் கிராமங்களின் பெண்களையும் சிறுமிகளையும் நம்பி வளர்ந்தது. 1983இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை, விடியுமுன்பே பேருந்துகள் வந்து குழந்தைகளை அள்ளிச் சென்றதையும் இருட்டிய பிறகு கொண்டுவந்து விட்டதையும் நாட்டுக்குச் சொன்னது. அரைத் தூக்கம், காலிவயிறு, கந்தகமும் ரசாயனமும் கலந்த நெடி, காற்றில்லாத அறை. ஒருவருக்குத் தலைவலியை வரவழைக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேண்டியதில்லை.

இராஜபாளையத்தில் 1936 முதல் பஞ்சாலைகள் வளர்ந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணியை நெய்கின்றன. ஊராரின் காயத்துக்குத் துணி நெய்கிறவள் தறிச் சத்தத்தில் வலிக்கிற தன் தலையைச் சுற்றி முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள்.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தியை வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்கு வேலையிடத்தில் பெயர் ஒட்டப்படாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருந்தன. என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று சொல்லப்படவில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கூலி போகும், மாத்திரை போட்டால் இலக்கு முடியும். மருந்துக்கு யார் தேவை அதிகம் உடையவர், வலிக்கிறவளா, வேலை வாங்குகிறவரா என்று அந்தச் செய்தி நம்மைக் கேட்க வைத்தது.

2021இல் தமிழ்நாடு அரசு கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தியது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட ஊரில் படுப்பதற்கு எவ்வளவு காலம் ஆகும்?

தெரிந்து வைத்திருக்க வேண்டியவை

வரலாற்றைப் பேசிவிட்டு வலியோடு இருப்பவளை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. எப்போதாவது வரும் கடுமையான தலைவலிக்கு, வலி தொடங்கியவுடன் பாராசிட்டமால் போன்ற எளிய மாத்திரையைச் சரியான அளவில் எடுப்பது, முற்றிய பிறகு இரண்டு மூன்றாக விழுங்குவதைவிட நல்லது. தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு, தூக்கம் மூன்றும் மருந்துகள்தான். வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடிக்கடி போடும் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். மைக்ரேனுக்கென்றே தனி மருந்துகள் இருக்கின்றன, வராமல் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21). அதுவும் தலைவலியாக வெளிப்படலாம்.

சில தலைவலிகளைச் சாக்கு என்று தள்ளினால் உயிர் போகும். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகோ பிரசவமான சில வாரங்களிலோ கடுமையான தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மசக்கை, அசதி என்று வீடு சமாதானம் சொல்லும், கேட்கக் கூடாது. வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும் வகை மைக்ரேன் இருப்பவர்கள் மாலா-என் போன்ற கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், பக்கவாத ஆபத்து உண்டு. நொடியில் இடி விழுந்தாற்போல் வரும் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று எழுத்து. வலி வந்த தேதி, மாதவிலக்கு நாள், முந்தைய இரவின் தூக்கம், சாப்பிட்ட நேரம், அன்று செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் காரணம் பிடிபடத் தொடங்கும். புதுப்பட்டிப் பக்கம் மாடு வைத்திருக்கும் பெண்களிடம் பால் கணக்கு நோட்டு இருக்கும். எந்த வேளை எத்தனை லிட்டர் என்று நாள் தவறாமல் எழுதுகிறார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் இதையும் எழுதலாம். மருத்துவரிடம் காட்ட அது உதவும். 'நேற்று ஏன் படுத்தாய்' என்று கேட்பவரிடம் நீட்டவும் உதவும்.