இரண்டு அலுமாரிப் புத்தகங்களும் ஒரு வீடும்



இப்னு நபீஸ் பற்றிய பதிவொன்று அடிக்கடி முகநூலில் சுற்றி வரும். கெய்ரோவின் மன்ஸூரி வைத்தியசாலையில் இருந்துகொண்டு நுரையீரல் குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று அதில் இருக்கும். வாசிக்கச் சந்தோஷம்தான். ஆனால் ஆண்டுக் கணக்கு இடிக்கிறது. அவர் அதை 1242 அளவிலேயே எழுதிவிட்டார். ஸுல்தான் கலாவூன் மன்ஸூரியைக் கட்டியது 1284இல். அப்படியானால் அந்த அறிவை வளர்த்தெடுத்த பணம் யாருடையது?

அதற்கு நாம் டமஸ்கஸுக்குப் போக வேண்டும்.

1154இல் நூருத்தீன் ஸன்கி அங்கே ஒரு பீமாரிஸ்தானைக் கட்டினார். இன்றைய சொல்லில் அது ஒரு போதனா வைத்தியசாலை. கட்டிலும் மருந்தும் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. ஏராளமான மருத்துவ நூல்களையும் வக்ஃபு செய்தார். அவை மண்டபத்தில் இரண்டு அலுமாரிகளில் இருந்தன. தலைமை வைத்தியர் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு அந்த மண்டபத்தில் வந்து உட்காருவார். வைத்தியர்களும் மாணவர்களும் சுற்றி அமர்வார்கள். சுமார் மூன்று மணித்தியாலம் வாசிப்பும் விவாதமும் நடக்கும். இதையெல்லாம் எழுதி வைத்தவர், அதே வைத்தியசாலையில் படித்த வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ.

பிற்காலத்தில் அங்கே கற்பித்தவர் அத்-தக்வார். அவர் 1225இல் தன் சொந்த வீட்டையே மருத்துவ மத்ரஸாவாக வக்ஃபு செய்தார். கூடவே நிலபுலன்களையும் எழுதி வைத்தார். அவற்றின் வருமானம் மத்ரஸாவின் பராமரிப்புக்கும், ஆசிரியரின் சம்பளத்துக்கும், மாணவர்களின் கொடுப்பனவுக்கும் என்பது ஏற்பாடு. அத்-தக்வாரின் மாணவர்களில் ஒருவர்தான் இப்னு நபீஸ்.

அந்த மாணவர் என்ன செய்தார்? வலது இதயவறையில் இருந்து இடது இதயவறைக்குக் குருதி நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளால் போகிறது என்று கேலன் சொல்லியிருந்தார். ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அதுவே பாடம். இப்னு ஸீனாவும் கேலன் வழியிலேயே நின்றார். இப்னு ஸீனாவின் நூலுக்கு விளக்கம் எழுதப் புகுந்த இப்னு நபீஸ், அந்தச் சுவரில் துளையே இல்லை, குருதி நுரையீரலுக்குப் போய்த்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். ஐரோப்பாவில் இந்தக் கருத்து அச்சில் வந்தது 1553இல்.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று அந்த வரிகளால் எந்த நோயாளியும் குணமாகவில்லை. உடனே பலன் காட்டு என்று கேட்கும் பணத்தால் இப்படியொரு அறிவு வளராது. மறுமைக்காகக் கொடுக்கப்பட்ட வக்ஃபுக்குப் பொறுமை இருந்தது.

1288இல் வஃபாத்தாகும்போது இப்னு நபீஸ் தன் வீட்டையும் நூல்களையும் மன்ஸூரிக்கு வக்ஃபு செய்தார். உஸ்தாத் டமஸ்கஸில் செய்ததை மாணவர் கெய்ரோவில் செய்தார். மன்ஸூரிக்கும் அவருக்கும் உள்ள உண்மையான தொடர்புகளில் இதுவும் ஒன்று. அந்த வைத்தியசாலை அவருக்குக் கொடுத்ததைப் பேசுகிறோம். அவர் அதற்குக் கொடுத்ததைப் பேசுவதில்லை.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. அந்தக் கண்டுபிடிப்பை அடுத்த தலைமுறைகள் மேலே கொண்டுபோகவில்லை. 1924இல் முஹ்யுத்தீன் அத்-ததாவி என்ற எகிப்திய வைத்தியர் பெர்லினில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் உலகம் பரவலாக அறிந்தது. நூல் இருந்தது. அதைத் தொடர்ந்து ஆராய ஆளில்லை.

நம் நாட்டில் வக்ஃபுச் சட்டம் 1956இல் இருந்து இருக்கிறது. பள்ளிவாசல்களுக்குக் கடைகளும் வயல்களும் தென்னந்தோட்டங்களும் உண்டு. அவற்றை வாகிஃப் சொன்ன நோக்கத்துக்கே செலவிட வேண்டும், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால் ஒரே ஜும்ஆவில் பணம் சேர்க்கும் ஊர் நம்முடையது. அந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய விரும்பும் பிள்ளைக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு கடை அறையின் வாடகையை அதற்கென்றே புதிதாக வக்ஃபு செய்ய ஒருவர் முன்வந்தால் போதும். அத்-தக்வார் ஒரு வீட்டில்தான் தொடங்கினார்.